புழுக்கைக் கஷாயம்

எனக்கு எலி என்றால் அருவருப்பு. எலி மட்டுமல்ல, எலிக்குச் சொந்தம் என்று சொல்லிக்கொண்டு வருகிற எதுவுமே. வால் இல்லாவிட்டாலும் சரி, பன்றி என்று பெயர் வைத்துக்கொண்டாலும் சரி.

இந்த வெறுப்பைப் போன வாரப் பத்தியிலேயே எழுதிப் புலம்பித் தீர்த்துவிட்டேன். அதற்குள் மறந்திருக்க மாட்டீர்கள். இந்த ஞாயிற்றுக்கிழமை என் கணவன் பிர்மினுடைய மகள் நோரினா, இரண்டு கினிப்பன்றிகளையும் கூண்டோடு எங்கள் வீட்டுக் கூடத்தில் இறக்கி வைத்துவிட்டுப் பனிச்சறுக்கு முகாமுக்குப் போனாள். அவள் அம்மா ரெகுலாவின் வீட்டில் ஹீட்டர் கெட்டுவிட்டதாம். குளிரில் அதுகள் தாங்காதாம்.

ஏன் இரண்டு? ஒன்றை மட்டும் வளர்க்க நம் நாட்டுச் சட்டம் விடாது. தனிமையில் வாடிப் போகுமாம், துணை வேண்டுமாம். பெண்டாட்டிக்கு அப்படி ஒரு சட்டம் போட யாருக்கும் தோன்றவில்லை. லுட்சேர்னில் கார்னிவல் வாரம் முழுக்க அவளைத் தனியாக விட்டுவிட்டு டிராம்போன் ஊதப் போகலாம்.

கல்யாணமாகிப் பதினான்கு மாதம் ஆகிறது. அதில் ஒரு தடவைகூட நோரினா என் பெயரைச் சொன்னதில்லை. ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் வருவாள், தட்டைப் பார்த்துச் சாப்பிடுவாள், போகும்போது பல் துலக்கும் பிரஷ்ஷைக்கூட மறக்காமல் எடுத்துப் போவாள். அப்படிப்பட்டவள் தனக்கென்று இருப்பதில் எதையாவது இந்த வீட்டில் விட்டுப் போனது இதுதான் முதல் தடவை. அதுவும் என்னிடம் இல்லை. குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டியிருந்த தாளில் மேலே பெரிதாக ‘அப்பாவுக்கு’ என்று எழுதியிருந்தாள்.

அந்த அப்பா இன்று விடியும் முன்பே கிளம்பிவிட்டான். கார்னிவல் தொடங்கும் நாளுக்கு எங்கள் ஊரில் அழுக்கு வியாழன் என்று பெயர். அவனுடைய வாத்தியக் குழுவுக்கு இந்த வருட வேஷம் சாக்கடை எலி. உள்ளே ஒரு ஜோடி, வெளியே முப்பது. என் தலையெழுத்தைப் பாருங்கள்.

காலை ஒன்பது மணிக்கு ரப்பர் கையுறை மாட்டிக்கொண்டு, வாக்குவம் கிளீனரை இழுத்துக்கொண்டு கூண்டருகே போனேன். மூத்திர வாடை மூக்கைத் துளைத்தது. ஃபிரிட்ஸ் என்கிற வெள்ளைக்காரன் வழக்கம்போல தன் பக்கம் முழுக்கக் கறுப்பரிசி போலப் புழுக்கையை இறைத்து வைத்திருந்தான். பழுப்பு நிற ஷொகி மூலையில் குறுகி உட்கார்ந்திருந்தான். மயிர் சிலிர்த்துக்கொண்டு நின்றது. தாடை ஈரமாக இருந்தது. அவனுக்குக் கீழே ஒரு புழுக்கைகூட இல்லை.

எனக்கு முதலில் சந்தோஷமாக இருந்தது. இன்றைக்குப் பாதி வேலை மிச்சம் என்றுதான் நினைத்தேன்.

ஃபிரிட்ஸின் பக்கத்தை மட்டும் உறிஞ்சி எடுத்துவிட்டு, கையை மூன்று தடவை கழுவி, சமையலில் இறங்கினேன். அழுக்கு வியாழனுக்கு எங்கள் வீட்டில் இறைச்சிப் பை என்கிற பலகாரம் உண்டு. மொறுமொறுப்பான மாவுக் கிண்ணத்துக்குள் வெள்ளைச் சாறு, அதில் மிதக்கும் சின்னச் சின்ன இறைச்சி உருண்டைகள். ஐம்பது உருண்டை உருட்டி முடித்து, வெண்ணெய் எடுக்கக் குளிர்சாதனப் பெட்டிப் பக்கம் போனபோது அந்தத் தாளின் ஏழாவது வரி கண்ணில் பட்டது.

‘புழுக்கை போடலைன்னா ரொம்ப ஆபத்து. ஒரு நாள்கூடக் காத்திருக்காதே அப்பா. செத்துடும்.’

என் கையிலிருந்த உருண்டை தரையில் விழுந்தது.

பிர்மினுக்கு ஒன்பது தடவை போன் அடித்தேன். முப்பது எலிகள் தாரை தப்பட்டையோடு ஊதிக்கொண்டிருக்கும்போது எவன் காதில் விழும்? நோரினா வழக்கமாக அதுகளைக் கொண்டுபோகும் மிருக ஆஸ்பத்திரி கார்னிவலுக்காக மூடியிருந்தது. பதிவுக் குரல் வேறொரு எண்ணைச் சொன்னது. ஏரிக்கு அந்தப் பக்கம் எகர்மன் என்ற பெண் டாக்டர் இருந்தார்.

“வயித்தைத் தொட்டுப் பாருங்க,” என்றார்.

“தொடணுமா?”

“போன்ல எனக்குத் தெரியாதும்மா. மத்தளம் மாதிரி விறைப்பா இருக்கா, பிசைஞ்ச மாவு மாதிரி இருக்கா?”

கண்ணை மூடிக்கொண்டு கையுறையோடு தொட்டேன். சூடாக, தொளதொளவென்று இருந்தது. குமட்டிக்கொண்டு வந்தது.

“மாவு மாதிரிதான்.”

“நல்லதாப் போச்சு. விறைப்பா இருந்தா ஒண்ணும் ஊட்டக் கூடாது, அப்படியே தூக்கிட்டு ஓடி வரணும். இப்ப ஒரு நாயை அறுத்து வச்சிருக்கேன், நாலரைக்கு வாங்க. அதுவரைக்கும் நீங்கதான் டாக்டர். சூடா வைங்க. தீவன உருண்டையை வெந்நீர்ல ஊற வச்சுக் கூழாக்கி, ஊசி இல்லாத சிரிஞ்சில எடுத்து, பல்லுக்குப் பின்னாடி ஓரமா கொஞ்சம் கொஞ்சமா விடுங்க. மென்னு முழுங்கின பிறகுதான் அடுத்த சொட்டு. மல்லாத்திப் போட்டு ஊத்திடாதீங்க, மூச்சுல ஏறிடும். வயித்தை மெதுவா நீவி விடுங்க. ஆமா, இத்தனை நாளா என்ன சாப்பிட்டான்?”

“காய்ஞ்ச புல்,” என்றேன்.

இங்கே உங்களிடம் ஓர் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். டாக்டரிடம் சொன்னது பொய்.

புல் கொடுக்கத்தான் செய்தேன், ஞாயிற்றுக்கிழமை மட்டும். ஒரு கை புல்லைப் போட்டால் கூடம் முழுக்கத் துரும்பு பறக்கும். நான் கண்ணாடிக் கடைக்காரி. நாள் முழுக்க ஊரார் மூக்குக் கண்ணாடியைத் துடைப்பவள். ஒரு தூசி இருந்தாலும் எனக்குக் கண் உறுத்தும். நம் எல்லார் வீட்டையும் போல எங்கள் பால்கனிக் கதவிலும் காய்ந்த ரொட்டிப் பை தொங்குகிறது. ரொட்டியைக் குப்பையில் போடுவது பாவம், குதிரைக்கோ முயலுக்கோ ஆகும் என்று சின்ன வயதிலிருந்து சேர்த்து வைத்தே பழகிவிட்டோம். திங்கள், செவ்வாய், புதன், இன்று என நாலு நாளும் புல்லுக்குப் பதில் இரண்டு துண்டு ரொட்டி. தூசி இல்லை, துரும்பு இல்லை. நல்ல யோசனை என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

“அதே கூண்டுல நல்லா இருக்கற ஜோடி இருக்கா?” டாக்டர் கேட்டார்.

“இருக்கு. ஃபிரிட்ஸ்.”

“அதோட புழுக்கை வேணும். சூடா, அப்பதான் போட்டது. மென்மையா, பளபளன்னு ஒரு தினுசு போடும், அது கிடைச்சா விசேஷம். வெதுவெதுப்பான தண்ணில கரைச்சு வடிகட்டி, அந்தச் சாறைக் கூழோட கலந்து குடுங்க.”

“யாருக்கு?”

“உங்களுக்கா குடுக்கச் சொல்வேன்? ஷொகிக்குத்தான். அவன் குடல்ல இருக்கற நல்ல கிருமி செத்துப் போச்சு. ஃபிரிட்ஸ் வயித்துல இருக்கறது இவனுக்கு வரணும்.”

போனை வைத்துவிட்டுச் சிங்க் பக்கம் ஓடினேன். காலையில் குடித்த காப்பி வெளியே வந்தது.

தாளின் கடைசி வரி: ‘அவசரம்னா அம்மாவைக் கூப்பிடு.’ கீழே எண். பிர்மினின் முதல் மனைவியோடு நான் இதுவரை வாசற்படியில் வணக்கம் சொன்னதைத் தவிர வேறு எதுவும் பேசியதில்லை. சனிக்கிழமை நோரினா வந்து காலிக் கூண்டைப் பார்ப்பதை நினைத்தேன். அதற்குப் பிறகு அவள் இந்தப் படி ஏறமாட்டாள். பிர்மின் என்னை ஒரு வார்த்தை சொல்லமாட்டான். மூன்று தட்டு வைப்பான், பிறகு ஒன்றைத் திரும்ப எடுத்து அலமாரியில் வைப்பான். அதைத்தான் என்னால் பார்க்க முடியாது.

ரெகுலாவை அழைத்தேன்.

அரை மணி நேரத்தில் வாசலில் ஒரு கோழி நின்றது. மஞ்சள் கால்சட்டை, உடம்பெல்லாம் இறகு, முகத்தில் ஆரஞ்சு சாயம். ஊர்வலத்திலிருந்து ரெகுலா அப்படியே ஓடி வந்திருக்கிறாள். வியர்வை சாயத்தில் கோடு போட்டு வழிந்தது. அவள் நடந்த இடமெல்லாம் வண்ணக் காகிதத் துண்டும் இறகும் உதிர்ந்தன. நான் பல்லைக் கடித்துக்கொண்டேன்.

“எங்க அவன்?” என்றாள். அப்படியே தரையில் உட்கார்ந்து, ஷொகியைத் தூக்கி, பின்புறத்தை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தாள்.

“ஐயோ, என்னங்க இது!”

“புளிச்ச வாடை வருதான்னு பாத்தேன். வருது. வாயைத் திறக்கணும், வெளிச்சம் காட்டுங்க.”

சுண்டுவிரலை உள்ளே விட்டு, அண்ணத்திலிருந்து பிசுபிசுவென்று எதையோ வழித்து எடுத்தாள். சாம்பல் நிறப் பசை. என் முகத்துக்கு நேராக நீட்டினாள்.

“ரொட்டி. யாருங்க ரொட்டி குடுத்தது?”

கோழி என்னையே பார்த்தது.

“பிர்மினா இருக்கும்,” என்றேன்.

“அவனா! அவனுக்கு எத்தனை தடவை சொன்னாலும் மண்டையில ஏறாது. நாங்க சேந்து இருந்தப்பவே இப்படித்தான் திருட்டுத்தனமா கொடுப்பான்.” விரலை இறகில் துடைத்துக்கொண்டாள். “வரட்டும், உண்டு இல்லைன்னு பண்ணிடறேன்.”

அவ்வளவு சுலபமாக நம்பிவிட்டாள்.

ஒத்தடம் கொடுக்கிற செர்ரிக்கொட்டைத் தலையணையை அடுப்பில் சூடாக்கித் துண்டில் சுற்றி ஷொகியை அதன் மேல் வைத்தோம். அடுத்தது புழுக்கை. காலையில்தான் எல்லாவற்றையும் உறிஞ்சி எடுத்திருந்தேன். கூண்டு பளிச்சென்று இருந்தது.

“இவ்வளவு சுத்தமான கூண்டை நான் பாத்ததே இல்லை,” என்றாள் ரெகுலா. பாராட்டாகச் சொன்ன மாதிரித் தெரியவில்லை.

ஃபிரிட்ஸை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தோம். ஒரு நாளைக்கு நூறு போடுகிறவன், இரண்டு பெண்கள் வாயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்ததும் வீம்பு பிடித்தான். வெள்ளரித் துண்டு கொடுத்தோம். தின்றான். இன்னொன்று கொடுத்தோம். அதையும் தின்றான். கால் மணி நேரம் மாப்பிள்ளை முறுக்கு. பிறகு கறுப்பாக நாலைந்து என் மடித்துணியில் விழுந்தன. ரெகுலா கைதட்டினாள்.

“இது காய்ஞ்சது. மெத்துன்னு வரதும் வேணும். அதை வெளிய விடமாட்டான். குனிஞ்சு நேரா வாயால எடுத்துக்குவான். தலையைக் குனிஞ்சான்னா உடனே பிடுங்கணும்.”

“எங்கேருந்து எடுத்துக்குவான்?”

“எங்கேருந்து வருமோ அங்கேருந்துதான்.”

சொல்லி முடிக்கும் முன் ஃபிரிட்ஸ் குனிந்தான். “பிடிங்க! பிடிங்க!” என்று கோழி கத்தியது. நான் கையை நீட்டினேன். அவன் வாய்க்கும் அதற்கும் நடுவே என் இரண்டு விரல். பச்சையாகப் பளபளத்துக்கொண்டு, வெதுவெதுப்பாக, ஒட்டிக்கொண்டு அது என் கையில் இருந்தது. ஃபிரிட்ஸ் தன் சொத்தைப் பறிகொடுத்தவனாக என்னை முறைத்தான். நான் அழுதேவிட்டேன். அருவருப்பில் மனிதர்களுக்கு அழுகை வரும் என்று இன்றுதான் தெரிந்தது.

சமையலறையில் அடுத்த அதிர்ச்சி. ரெகுலா இழுப்பறையைத் திறந்து, வெள்ளைச் சாறு வடிகட்டும் என் மெல்லிய வடிகட்டியைக் கையில் எடுத்தாள்.

“அது வேண்டாங்க! அதுல நான் சாஸ் வடிகட்டுவேன்!”

“இதுதான் சன்னமா இருக்கு. உயிர் பெருசா, சாஸ் பெருசா?”

கரைத்தாள், நசுக்கினாள், வடிகட்டினாள். இளம்பச்சையில் ஒரு கஷாயம் என் கல்யாணக் கிண்ணத்தில் இறங்கியது. ஈரக் கொட்டகை வாடை அடித்தது. பக்கத்துத் தட்டில் ஐம்பது இறைச்சி உருண்டைகள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. அதே அளவு, அதே வடிவம். இனி என் வாழ்நாளில் அந்தப் பலகாரத்தை நான் தொடப்போவதில்லை.

“நீங்க ஊட்டுங்க,” என்றாள். “என் கை நடுங்குது. காலை அஞ்சு மணியிலேருந்து தப்பு அடிச்சிருக்கேன். நீங்க கண்ணாடியில பொடி ஆணி முடுக்கற ஆளு.”

துண்டில் சுற்றி, நிமிர்ந்தவாக்கில் ஷொகியை மார்போடு சாய்த்துக்கொண்டேன். கையுறையில் அவன் வழுக்கினான். சிரிஞ்சு பல்லில் மோதியது.

“கையுறையைக் கழட்டுங்க. முழுங்கறானா இல்லையான்னு விரலுக்குத் தெரியணும்.”

கழற்றினேன். ஈரத் தாடை, கூரான மயிர், அதற்கு அடியில் தடதடவென்று அடித்துக்கொள்ளும் ஒரு தொண்டை. உதட்டு ஓரமாகச் சிரிஞ்சை நுழைத்து ஒரு சொட்டு விட்டேன். அசையவில்லை. காத்திருந்தேன். தாடை ஒரு தடவை அசைந்தது. பிறகு இன்னொரு தடவை.

“முழுங்கறான்,” என்றேன் மெதுவாக.

“விடாதீங்க. அப்படியே குடுங்க.”

ஏழாவது சொட்டில் ஷொகி தும்மினான். கஷாயம் என் கன்னத்தில், மூக்கில், உதட்டில் தெறித்தது. நான் அப்போது “ஐயோ” என்று வாயைத் திறந்திருந்தேன்.

அதன் ருசியை உங்களுக்கு எழுதமாட்டேன். வாராவாரம் படிக்கிற உங்களுக்கு நான் அந்தத் துரோகத்தைச் செய்யக் கூடாது.

ரெகுலா சிரித்த சிரிப்பில் தோள் இறகெல்லாம் கொட்டியது. நான் ஒரு கையில் ஷொகியைப் பிடித்தபடியே வாய் கொப்பளிக்கச் சாராயப் புட்டியைத் தேடினேன். அவள்தான் எடுத்து இரண்டு சின்ன கிளாஸில் ஊற்றினாள்.

“இவ்வளவும் சேந்து பண்ணிட்டு இன்னும் நீங்க வாங்கன்னா நல்லாவா இருக்கு? உன்னைவிட நான் ரெண்டு வயசு பெரியவ, ‘நீ’ன்னு கூப்பிடலாமான்னு நான்தான் கேக்கணும். நான் ரெகுலா.”

“தெரியுமே.”

“அட, முறைப்படி சொல்லுன்னா.”

“நான் யோலாண்டா,” என்றேன். கிளாஸை முட்டிக்கொண்டோம். இனிமேல் நீ, வா, போ. நம் ஊரில் இதற்கு மேல் ஒரு நெருக்கம் கிடையாது. நான் அவளிடம் பொய் சொல்லி மூன்று மணி நேரம்கூட ஆகவில்லை.

அப்போது தெருவே அதிர்ந்தது. ஜன்னலைத் திறந்தேன். முப்பது சாக்கடை எலிகள் காது கிழிய ஊதிக்கொண்டு போயின. மூன்றாவது வரிசையில் டிராம்போன்.

“பிர்மின்!” அலறினேன். “ஷொகிக்கு உடம்பு சரியில்ல! மேல வா!”

பெரிய எலித் தலை நிமிர்ந்து பார்த்தது. அவனுக்கு ஒரே பூரிப்பு. பெண்டாட்டி ஜன்னலில் நின்று கையாட்டுகிறாளே! டிராம்போனைத் தூக்கி எனக்கு ஒரு சலாம் வைத்துவிட்டு, வாலை ஆட்டிக்கொண்டு முக்கு திரும்பிவிட்டான்.

“ஆறு வருஷம் இவனோட குடித்தனம் பண்ணினேன்,” என்றாள் ரெகுலா. “நீ இன்னும் பாக்க வேண்டியது நிறைய இருக்கு.”

அரை மணிக்கு ஒரு தடவை கூழும் கஷாயமும். நடுவில் வயிற்றை நீவினேன். அடிவயிறு நனைந்து நாறியது. வெந்நீரில் பஞ்சை முக்கித் துடைத்தேன். எங்கே தொட்டேன், எதைத் துடைத்தேன் என்றெல்லாம் கேட்காதீர்கள். மூன்றரை மணிக்கு ஷொகி என் மடியில் உடம்பை நெளித்தான். என் மடித்துணியில் ஏதோ உருண்டது.

கோணலாக, கடுகைவிடக் கொஞ்சம் பெரிதாக, ஒன்று.

“போட்டுட்டான்!” நான் கத்தினேன். “ரெகுலா, போட்டுட்டான்!”

இருவரும் கட்டிப்பிடித்துக்கொண்டு குதித்தோம். இறகு என் வாயில் போனது. அதற்குக்கூட எனக்குக் கோபம் வரவில்லை. அந்த ஒரு புழுக்கையைக் காகிதத்தில் மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டேன், டாக்டரிடம் காட்ட.

நாலரைக்கு எகர்மன் டாக்டர் வயிற்றில் குழாய் வைத்துக் கேட்டார். ஓர் ஊசி போட்டார். “குடல் அசையுது. ஆனா தப்பிச்சிட்டான்னு இப்பச் சொல்ல மாட்டேன். ரெண்டு மணிக்கு ஒரு தடவை ஊட்டுங்க. நாளைக்கு இந்நேரம் தானா புல்லைக் கடிச்சான்னா பிழைச்சான்,” என்றார். பிறகு, “ரொட்டி ஏதும் தின்னானா?” என்று கேட்டார்.

“என் பொண்ணோட அப்பா குடுத்திருக்கார் டாக்டர்,” என்று ரெகுலா முந்திக்கொண்டாள். டாக்டர் தலையை ஆட்டி எழுதிக்கொண்டார். நான் தரையைப் பார்த்தேன்.

ஆறு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது வீடு திரும்பினோம். முகாமில் ஆறிலிருந்து ஆறேகால் வரைதான் பிள்ளைகள் கையில் போனைக் கொடுப்பார்கள். கதவைத் திறந்தால் பிர்மின். எலித் தலையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, தொலைந்துபோன எங்களைத் தேடி விழித்துக்கொண்டு நின்றான்.

ரெகுலா விடவில்லை. “உனக்கு அறிவிருக்கா? அந்தப் பொண்ணு எழுதி ஒட்டிட்டுப் போயிருக்கா, அதுக்கு மேலயும் ரொட்டி குடுத்திருக்கே! செத்துப் பிழைச்சிருக்கு அது!”

“ரொட்டியா?” பிர்மின் விழித்தான்.

“யோலாண்டா எல்லாம் சொல்லிட்டா.”

அவன் என்னைப் பார்த்தான். பால்கனிக் கதவில் தொங்கிய பையைப் பார்த்தான். ஞாயிற்றுக்கிழமை நிரம்பி இருந்தது, இப்போது பாதி. மறுபடியும் என்னைப் பார்த்தான்.

“ஆமா,” என்றான். “நான்தான் குடுத்தேன். தப்புதான்.”

எனக்கு ஷொகியைப் பார்த்துக்கூட அவ்வளவு அருவருப்பு வந்ததில்லை. அந்த நிமிஷம் என்னைப் பார்த்து வந்தது.

வீட்டுப் போன் அடித்தது. ரெகுலா எடுத்து விஷயத்தைச் சொன்னாள். ஒலிபெருக்கியில் நோரினாவின் குரல் உடைந்தது.

“அப்பா! எழுதி வச்சேனே அப்பா! மூணாவது வரியில பெருசா எழுதினேனே, ரொட்டி கூடவே கூடாதுன்னு! உன்னை நம்பித்தானே விட்டுட்டு வந்தேன்! இனிமே நான் அங்க எதையும் கொண்டு வர மாட்டேன்!”

பிர்மின் எலி வேஷத்தில் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றான். மூன்று தட்டு நினைவுக்கு வந்தது. நான் ரெகுலாவின் கையிலிருந்து போனை வாங்கினேன்.

“நோரினா, ரொட்டி குடுத்தது உங்க அப்பா இல்ல. நான்.”

அந்தப் பக்கம் அழுகை நின்றது. இந்தப் பக்கம் ரெகுலா என்னைத் திரும்பிப் பார்ப்பது தெரிந்தது. நான் பார்க்கவில்லை.

“எத்தனை நாள்?”

“நாலு நாள்.”

“ஏன்?”

“புல்லு தரையெல்லாம் சிந்துது. எனக்கு அருவருப்பா இருந்தது. அந்தத் தாள் அப்பாவுக்குன்னு இருந்ததால நான் படிக்கவே இல்ல.”

தட்டுச் சத்தம், பூட்ஸ் சத்தம், பிள்ளைகளின் கூச்சல். அவள் மூச்சு மட்டும் கிட்டத்தில் கேட்டது.

“கஷாயம் யார் குடுத்தா?”

“நான்தான்.”

“கையுறை போட்டுக்கிட்டா?”

“முதல்ல போட்டிருந்தேன். அப்புறம் வெறும் கையாலதான்.”

“மெத்துன்னு இருக்கறதையும் பிடிச்சீங்களா?”

“பிடிச்சேன்.”

பின்னால் ஓர் ஆசிரியர் கைதட்டி, நேரமாச்சு, போனையெல்லாம் கூடையில் போடுங்க என்றார்.

“யோலாண்டா,” என்றாள் நோரினா.

பதினான்கு மாதத்தில் முதல் தடவை.

“நாளைக்கு ஆறு மணிக்கு நீங்க எடுங்க. அப்பா வேண்டாம்.”

போன் வைக்கப்பட்டது. அது கோபக் குரலா, வேறு குரலா என்று எனக்குப் பிடிபடவில்லை. பிர்மின் ஏதோ சொல்ல வாயெடுத்தான். ரெகுலா கோழி இறகுகளை ஒவ்வொன்றாகத் தரையிலிருந்து பொறுக்க ஆரம்பித்தாள். அவள் என் பக்கம் நிமிரவே இல்லை.

துண்டுக்குள் ஷொகி முனகினான். ஊட்டும் நேரம் நெருங்கியிருந்தது. வடிகட்டியை எடுத்து மூக்கருகே பிடித்தேன். எத்தனை கழுவியும் அந்த வாடை போகவில்லை.

“ஃபிரிட்ஸைப் பிடி,” என்றேன் எலி வேஷத்தில் நின்ற என் கணவனிடம். “குனிஞ்சான்னா எனக்குச் சொல்லு.”